31 வருடம் பக்கத்திலேயே இருந்துவிட்டு இப்போதுதான் போனேன்: கோட்டை அருங்காட்சியகம், சென்னை

தலைமைச் செயலகத்தில் 31 வருடம் ஃபைல் தள்ளியவன் நான். செயலகக் கட்டடமான நாமக்கல் கவிஞர் மாளிகைக்கு வரும்போதும் போகும்போதும் கண்ணில் படும், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் இந்தப் பழைய கட்டடத்துக்குள் ஒரு நாள்கூட நுழைந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு பேத்தி இழுத்துக்கொண்டு போனாள். அதிலும் முதல் தடவை வெள்ளிக்கிழமை போய் நின்றோம். அன்றைக்கு விடுமுறை. கேட்காமல் போனது என் தப்பு.

உள்ளே இருக்கும் நாணயம், துப்பாக்கி, பீங்கான் எல்லாம் சரி, பாருங்கள். ஆனால் நான் பார்க்கச் சொல்வது கட்டடத்தைத்தான். 1795-ல் கட்டி முடித்தது. கீழே வியாபாரிகளின் கிடங்கும் அலுவலகமும். மேலே அவர்கள் கூடிப் பேரம் பேசிய நீளக் கூடம். லாட்டரிக் குலுக்கல்கூட அங்கே நடந்திருக்கிறது! அப்புறம் ராணுவ அதிகாரிகளின் மெஸ் ஆனது. 1948-ல்தான் அருங்காட்சியகம்.

இதைவிட ஒரு விஷயம். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இதன் மொட்டைமாடியில்தான் இருந்ததாம். 1796-ல் தேங்காய் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றி, கடலில் வரும் கப்பலுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். 1840-களில் உயர் நீதிமன்ற வளாகத்துத் தூணுக்கு அந்த வேலை மாறிவிட்டது. கலங்கரை விளக்கம் என்றாலே மெரினா பஸ் ஸ்டாப்தான் எனக்கு ஞாபகம் வரும்.

1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி. அங்கே நானே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டேன். பேத்தி நின்றது ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையிடம். பீடத்தில் திப்பு சுல்தானின் மகன்கள் இரண்டு பேரை அவருடைய தூதர் ஆங்கிலேயரிடம் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கியிருக்கிறது. "தாத்தா, திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். 1794-ல் அனுப்பிவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

போகிறவர்கள் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் போலீஸ் சோதனை உண்டு. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கால் வலிக்காவிட்டால் பக்கத்திலேயே 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்த இடம்.

பள்ளி நோட்டில் பேத்தி ஒட்டியது கொடியையும் இல்லை, சிலையையும் இல்லை. வெளியே வந்து எடுத்த மொட்டைமாடிப் படத்தை ஒட்டி, அதன் மேல் மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு விளக்கு வரைந்திருந்தாள்.