கடினப்படுத்திய எஃகுக்கு எந்தச் சக்கரம்: அலுமினியம் ஆக்சைடா, சிபிஎன்னா?

கிரைண்டிங்கில் மின்சாரத்தைத் தின்பது சீவல் எடுப்பது மட்டுமல்ல. சக்கரத்தில் உள்ள மழுங்கிய மணிகள் (வெட்டும் துகள்கள்) எஃகின் மேல் வெறுமனே உரசுவதும்தான். அலுமினியம் ஆக்சைடு மணி சீக்கிரம் மழுங்கும். அப்புறம் உரசல் கூடும், அடிக்கடி டிரெஸ்ஸிங் (சக்கரத்தின் மேற்பரப்பைச் சீவிக் கூராக்குவது) கேட்கும், வெப்பத்தில் பெரும்பங்கு வேலைப்பொருளுக்குள் இறங்கிப் பரப்பைக் கருக்கும். சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு) அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு கடினம். கூர்மை நீடிக்கும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்திவிடும். அதற்கென்று செய்த இயந்திரத்தில் விநாடிக்கு 100 மீட்டர் விளிம்பு வேகத்தில்கூட ஓட்டலாம்.

சரி, அப்படியானால் சிபிஎன்தானே? அவசரம் வேண்டாம். அந்த வேகத்தில் சக்கரம் சும்மா சுழலவும், கூலன்ட்டை (குளிர்விக்கும் திரவத்தை) உயர் அழுத்தத்தில் பாய்ச்சவும் ஆகும் மின்சாரம் கொஞ்சமல்ல. உலோகத்தை மளமளவென்று அகற்றும் தொடர் உற்பத்தியில்தான் அது ஈடாகும். நாளுக்கு நாலைந்து உருப்படி மட்டும் தீட்டும் பழைய இயந்திரத்துக்கு, விநாடிக்கு 30–35 மீட்டரில் ஓடும் அலுமினியம் ஆக்சைடே என் தேர்வு.