பதினொரு ஆண்டுகள்: ஒரு கிரைண்டரும் அதை விற்ற கடையும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் 2014ஆம் ஆண்டு வாங்கிய, கோயம்புத்தூரில் தயாரான இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர், எங்கள் வீட்டில் இன்றும் வாரம் இருமுறை ஓடுகிறது. இத்தனை ஆண்டுகள் அது தாங்கியதற்கு இயந்திரத்தின் தரம் ஒரு பாதிக் காரணம்தான். மறுபாதி, அதை விற்ற கடை தன் வியாபாரத்தை அமைத்துக்கொண்ட விதம்.

வாங்கப் போன அன்று கடைக்காரர் எந்த மாடலையும் எடுத்துக் காட்டவில்லை. “வீட்டுல எத்தனை பேருங்க சார்? இட்லிக்கு மட்டுமா, ஆப்பத்துக்கும் அரைப்பீங்களா? டிரம்மைத் தூக்கிக் கழுவுறது யாருங்க?” என்றுதான் கேட்டார். அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொன்னதும், நான் விலை விசாரித்துக்கொண்டிருந்த பெரிய மாடலை ஒதுக்கிவிட்டு, டிரம்மைச் சாய்த்தே மாவை வழித்தெடுக்கக்கூடிய, அதைவிட விலை குறைந்த இதைக் காட்டினார். விற்பனை விற்பவரின் தேவையையும், சந்தைப்படுத்தல் வாங்குபவரின் தேவையையும் மையமாகக் கொண்டவை என்று 1960இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் மேலாண்மை அறிஞர் தியோடர் லெவிட் பிரித்துக் காட்டியதை, வணிகவியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டுக்காக ஒரு கடை தன் லாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் ஆண்டில் பெல்ட் தேய்ந்தது. ஆறாம் ஆண்டுக் கோடையில், மின்னழுத்தம் குறைந்திருந்த ஒரு மாலையில் கெபாசிட்டர் போனது. எட்டாம் ஆண்டில் கல்லின் சொரசொரப்பு குறைந்து, அரை மணி நேரத்தில் பொங்கி வந்த உளுந்து முக்கால் மணி நேரம் கேட்டது. கல்லைக் கொத்திய பிறகு சரியாயிற்று. மூன்று முறையும் உதிரிபாகத்துக்காக நான் காத்திருக்கவில்லை. அக்கடையில் ஐந்து மாடல்கள் மட்டுமே விற்கப்படுகின்றன. அந்த ஐந்துக்கும் உரிய பெல்ட்டும் கெபாசிட்டரும் எப்போதும் இருப்பில் இருக்கும். இன்னொரு விற்பனையாளரை அமர்த்தும் சம்பளத்தில் அவர் ஒரு மெக்கானிக்கை வைத்திருக்கிறார். முதலீட்டின் கணிசமான பகுதி இப்படி உதிரிபாகங்களில் முடங்கிக் கிடப்பதை எந்தக் கணக்காளரும் மெச்சமாட்டார்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, கேரள-தமிழக எல்லையிலுள்ள வேலந்தாவளம் போன்ற இடங்களின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் வேலையற்றுப் போனபின், பில்லைப் பற்றிய கவலையின்றிக் கோயம்புத்தூரிலேயே வாங்கி வருவது எங்கள் பக்கத்தில் எளிதாயிற்று. என் தங்கையும் அவ்வாறே ஒரு பெரிய ஷோரூமில் நல்ல தள்ளுபடியில் வாங்கினாள். இரண்டு ஆண்டுகளில் பெல்ட் அறுந்தபோது, அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. ஆனால் புகார் கொடுத்த அன்று மாலையே, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார்களாம். மெக்கானிக் இன்னும் வந்தபாடில்லை.

எங்கள் கடையிலும் குறை உண்டு. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஒரே மெக்கானிக் என்பதால் நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். சென்ற மாதம் டைமர் வைத்த கிரைண்டரைக் கேட்டபோது, “அதுக்கு ஸ்பேர் கிடைக்கிறதில்லைங்க சார், நான் வைக்கிறதில்லை” என்று கையை விரித்துவிட்டார். அது வேண்டுமென்றால் நானும் வேலந்தாவளம் தாண்டித்தான் போக வேண்டும்.