தலைப்பை மட்டும் அறிந்தவருக்கு வழி விடாத கலைக்களஞ்சியம்

ஜான் க்ளூட்டும் பீட்டர் நிக்கல்ஸும் தொகுத்த அறிவியல் புனைகதைக் கலைக்களஞ்சியம், 1993ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, பைண்டிங் முடிந்து போன வாரம்தான் வீடு வந்து சேர்ந்தது. 1,300 பக்கங்களைத் தாண்டும் நூலை ஒரே தொகுதியாக அடைத்தால் முதுகு எத்தனை காலம் தாங்கும்? ஃபாரங்களை, அதாவது மடித்த தாள் கட்டுகளை, பிரித்து, மறுபடி தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தையல் உறுதியாக இருக்கிறது. ஆனால் உள் மார்ஜின் குறுகிவிட்டதால், மடிப்புக்கு அருகில் உள்ள எழுத்துகளைப் படிக்கப் பக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதே பதிப்பின் பழைய பிரதி ஒன்று விலை இறங்கிக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நூலைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும். கூட வைத்துப் புழங்கினால் எப்படி இருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி.

என் முதல் புகாரும் கடைசிப் புகாரும் ஒன்றுதான்: இதில் தலைப்பு அடைவு, அதாவது எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல், கிடையாது. நாவல்களுக்கும் சிறுகதைகளுக்கும் தனிப் பதிவு இல்லை. ஆசிரியர் பெயர் தெரிந்தால் அந்தப் பதிவுக்குள் நூலைத் தேடிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் கதவு சாத்தியாயிற்று. திரைப்படங்களின் நிலை வேறு. 1982இல் வந்த ‘ப்ளேட் ரன்னர்’ படத்துக்குத் தனிப் பதிவு உண்டு. அதற்கு மூலமான 1968ஆம் ஆண்டு நாவலைப் பார்க்கப் பிலிப் கே. டிக்கின் நீண்ட பதிவுக்குள் இறங்க வேண்டும். இதழ்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பதிவுகள் உண்டு. புனைபெயர்களுக்குக்கூட, ‘இவரைப் பார்க்க’ என்று ஒரு வரி போட்டு வழிகாட்டியிருக்கிறார்கள். எழுத்தாளர் ஒளிந்துகொள்ள வைத்துக்கொண்ட பெயருக்குக் கிடைத்த அந்த ஒரு வரி, அவர் ஊரறியச் சூட்டிய தலைப்புக்குக் கிடைக்கவில்லை.

அட்டையும் முதல் தாள்களும் போன ஒரு நாவலை நடைபாதைக் கடையில் வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘ரோக் மூன்’ என்ற தலைப்பு மட்டும் இருந்தது. எழுதியவர் யார் என்று அறிய இந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பயனில்லை. நாவலைப் படித்து முடித்தேன். ஒரு மனிதனின் நகல் நிலவுக்கு அனுப்பப்படுகிறது, அங்கே சாகிறது, மறுபடி இன்னொரு நகல் போகிறது. பொருள்களையும் ஆட்களையும் அலை வழியே அனுப்பும் கருவிகள் பற்றி ஒரு கருப்பொருள் பதிவு இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் தேடியபோது அகப்பட்டது: ஆல்ஜிஸ் பட்ரிஸ், 1960. முழு நாவலையும் படித்தவருக்குத்தான் அதன் ஆசிரியர் பெயர் கிடைக்கும் என்றால் அது என்ன பார்வை நூல்?

ஒரே நாவல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் வேறு வேறு பெயர்களில் வெளிவருவது இந்தத் துறையில் வழக்கம் என்பதால், குறை இன்னும் பெரிதாகிறது. ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘டைகர்! டைகர்!’ லண்டனில் 1956இல் வந்தது. அமெரிக்காவில் அதன் பெயர் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’. பிரையன் ஆல்டிஸின் 1958ஆம் ஆண்டு நாவலான ‘நான்-ஸ்டாப்’, அமெரிக்காவில் ‘ஸ்டார்ஷிப்’ ஆனது. பாத்திரங்கள் வாழ்வது ஒரு விண்கலத்தில் என்று கதை கட்டிக்காத்த ரகசியத்தை அட்டையே சொல்லிவிட்டது. இத்தகைய மாற்றுத் தலைப்புகளை இந்தத் தொகுப்பாளர்கள் பதிவு செய்த அக்கறைக்கு ஈடு இல்லை. எந்தக் கதைகளை ஒட்டி எந்த நாவல் உருவானது, எது எந்த ஆண்டில் எந்தப் பெயரில் திருத்தி வெளியானது என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் பெயருக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறது.

இடம் இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். எவரெட் எஃப். பிளெய்லரைப் பாருங்கள். அவருடைய ‘தி கைடு டு சூப்பர்நேச்சுரல் ஃபிக்ஷன்’ 1983இல் வந்தது. 1750 முதல் 1960 வரையிலான பேய்க்கதை, திகில், மிகுபுனைவு (ஃபேன்டஸி) நூல்கள் 1,775. ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கம் எழுதி, ஆசிரியர், தலைப்பு, கதைக்கூறு என மூன்று அடைவுகளும் கொடுத்தார். 1990இல் மகன் ரிச்சர்டின் உதவியோடு, 1930 வரையிலான 3,000க்கும் மேற்பட்ட அறிவியல் புனைகதைகளுக்கும் அதே உழைப்பைத் தந்தார். அங்கேயும் மூன்று அடைவுகள். சபிக்கப்பட்ட ஓவியம் வரும் கதை எது, இறந்தவர் தொலைபேசியில் பேசும் கதை எது என்று கேட்டுக்கொண்டு போகலாம். தேடி வருகிறவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு வருவார் என்று அவர் யோசித்திருக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு நியாயமும் பேச வேண்டும். என் அலமாரியில் அதிகம் திறக்கப்பட்ட நூல் பிளெய்லருடையது அல்ல, இந்த 1993தான். காரணம் கருப்பொருள் பதிவுகள். தலைமுறைக் கப்பல்கள் பற்றிய பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகளின் பேரன் பேத்திகளுக்குத் தாங்கள் இருப்பது ஒரு விண்கலம் என்பதே மறந்துபோகும் கதைகள். ஹைன்லைனின் 1941ஆம் ஆண்டுக் குறுநாவல் அந்த வரிசைக்கு அடிக்கல். சிறிய கேப்பிடல் எழுத்துகளில் அச்சான ஒரு குறிப்பு அங்கிருந்து நம்மை வேறு பதிவுக்கு அனுப்பும்: மனிதர்கள் நம்பியிருந்த உலகச் சித்திரம் உடைந்து பெரியதொன்று தெரியவரும் கணம். நிக்கல்ஸ் எழுதிய பதிவு அது. அதைப் படித்த பிறகு, இந்த இலக்கியம் எதற்காக எழுதப்படுகிறது என்பதே எனக்கு வேறாகத் தெரிந்தது. எந்த விமர்சன நூலும் எனக்கு அவ்வளவு கற்றுக்கொடுக்கவில்லை. 1979, 1993, 2011 என மூன்று பதிப்புகளும் அறிவியல் புனைகதைத் துறையின் ஹ்யூகோ விருது பெற்றன. மூன்றுக்கும் தகுதி உண்டு.

மூன்றாம் பதிப்பு இணையத்தில் இலவசம், இன்றும் வளர்கிறது, தலைப்பைத் தட்டினால் ஆசிரியர் வந்து நிற்கிறார். என் புகார் அங்கே தீர்ந்துவிடுகிறது. ஆனால் 1993 எங்கே நின்றதோ அந்த இடத்திலிருந்து பார்க்கக் காகிதம் வேண்டும். கிம் ஸ்டான்லி ராபின்சனின் செவ்வாய் நாவல் வரிசை அப்போதுதான் தொடங்கியிருந்தது; 1996இல்தான் முடிந்தது. முடிவு தெரியாத காலத்தில் எழுதிய மதிப்பீடுகளுக்கு ஒரு துணிச்சல் இருக்கிறது.

க்ளூட்டும் ஜான் கிராண்டும் தொகுத்த 1997ஆம் ஆண்டு மிகுபுனைவுக் கலைக்களஞ்சியத்தையும் நண்பர் கேட்டார். அதிலும் நாவல் தலைப்புக்குப் பதிவு இல்லை. கூடவே, க்ளூட் தானே உருவாக்கிய சொற்கள் பக்கத்துக்குப் பக்கம். மாயம் வற்றி நிலம் மெலிந்துபோவதற்கு ஒரு சொல், வெளியுலகம் தீண்டாமல் வேலியிட்டுக் காக்கும் இடத்துக்கு ஒரு சொல். பழகியபின் பயன்படுகின்றன, பழகும்வரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இன்னொரு பதிவைப் புரட்ட வேண்டும். அதன் முழு வாசகமும் 2012 முதல் இணையத்தில் இருக்கிறது, புதுப்பிக்கப்படாமல். அதை அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

நண்பருக்கு என் பதில்: 1993ஐ வாங்க வேண்டாம். அது பெரிய நூல்தான், நான் விற்கவும் மாட்டேன். ஆனால் பாதி விலைக்குக் கிடைத்தாலும், தலைப்பை மட்டும் தெரிந்து வருகிறவரைத் திருப்பி அனுப்பும் நூலுக்கு இன்று பணம் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது. அந்தத் தொகையைச் சேர்த்து வைத்து பிளெய்லரின் 1983ஆம் ஆண்டு நூலைத் தேடுங்கள். 1960க்குப் பிந்திய எதுவும் அதில் கிடைக்காது, நடையும் வறட்சியானது. அப்படியும் அதைத்தான் சொல்கிறேன். பழைய பிரதி என்றால், பணம் கொடுக்கும் முன் கடைசிப் பக்கங்களில் மூன்று அடைவுகளும் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.