சட்டமா, வயிறா? ஈராக் போரை எதிர்க்க இரண்டு வழிகள்

2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கில் இறங்கியதைத் தப்பு என்று சொல்ல இலங்கை மலையகத்தின் அட்டன் நகரத் தேத்தண்ணிக் கடையில் எனக்குக் கிடைத்த வாதங்கள் இரண்டு வகை.

முதலாவது, சட்டம். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லை. இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்களும் அகப்படவில்லை. 2004இல் அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனானே இது ஐ.நா. சாசனத்துக்கு முரண் என்றார். இதில் ஓட்டை தேடுவது சிரமம். ஆனால் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடுகிறவருக்குப் பாதுகாப்புச் சபை ரொம்பத் தூரம்.

இரண்டாவது, வயிறு. ஈராக் நம் தேயிலையின் பழைய வாடிக்கையாளர். அங்கே குண்டு விழுந்தால் இங்கே கொழுந்து தேங்கும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் ஈராக் அதிகம் வாங்குவது தாழ்நாட்டுத் தேயிலை, நம் மலைநாட்டு நுவரெலியாக் கொழுந்து அல்ல! வளைகுடா வேலைதான் வலுவான காரணம். 1990இல் ஈராக் அதிபர் சதாம் குவைத்துக்குள் புகுந்தபோது வீட்டு வேலைக்குப் போயிருந்த இலங்கைப் பெண்கள் ஏராளம் பேர் சிக்கிக்கொண்டார்கள். பலர் பாலைவனம் கடந்து ஜோர்தான் வழியாக வந்து சேர்ந்தார்கள். மகளை அனுப்பிவிட்டு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் போர் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, வயிற்று வாதத்துக்கு ஒரு குறை உண்டு. போரால் தேயிலை விலை ஏறினால் அதே வாய் என்ன சொல்லும்? அதனால் நான் சட்டத்தின் பக்கம்தான். ஆனால் கடையில் பேச்சைத் தொடங்குவது மட்டும் குவைத்திலிருந்துதான்.