எப்சன் வி850 ப்ரோ ஸ்கேனர்: 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் பெரிய ஃபிலிம்) எடுப்பவர்களுக்கு மட்டும்

டப்பாவில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருப்பதை முதலில் மறந்துவிடுங்கள். நுணுக்கமான கோடுகள் போட்ட சோதனைத் தகடு வைத்துப் பார்த்தவர்கள் பலரும் சொல்வது, எப்சன் பர்ஃபெக்‌ஷன் வி850 ப்ரோ உண்மையில் பிரித்துக் காட்டுவது 2300, 2400 அளவில்தான் என்று. 35 மிமீ ஃபிலிமுக்கு இது ரொம்பக் குறைச்சல், ஒரு ஃப்ரேமுக்கு 80 லட்சம் பிக்சல்கூடத் தேறாது. அதற்கு டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி நெகட்டிவைப் படம் எடுத்துக்கொள்வதே மேல்.

4×5 என்றால் கதையே வேறு. அதே 2400-ல் சுமார் 10 கோடி பிக்சல், 30 அங்குல அகலத்துக்குத் தாராளமாகப் பிரின்ட் போடலாம். கறுப்பு வெள்ளையை 16 பிட்டில் எடுத்தால் கோப்பு 200 எம்பி, கலர் 600 எம்பி. 4800 வைத்தால் இது நாலு மடங்காக வீங்குமே தவிர, புதிதாக ஒரு இலைகூடத் தெரியாது.

இதில் ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஃபிலிமைப் பிடித்து வைக்கும் சட்டமான ஹோல்டரின் உயரம்தான் ஃபோகஸ். மூலைகளில் இருக்கும் சின்னக் கால்களை மாற்றி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: நல்ல கூர்மையான நெகட்டிவ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு உயரத்திலும் ஒரே மூலையை மட்டும் ஸ்கேன் செய்து, ஷார்ப்பனிங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 100 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் நெகட்டிவில் ஓட்டுக் கூரையின் விளிம்பு ஒரு உயரத்தில் கஞ்சி மாதிரி இருந்தது, இரண்டு படி தள்ளியதும் ஓடு ஓடாகப் பிரிந்து வந்தது. இதைச் செய்யாமலேயே ஸ்கேனர் மழுங்கல் என்று திட்டுகிறவர்கள் நிறைய.

அப்புறம் தூசி. ஹோல்டரில் இருக்கும் அக்ரிலிக் தகடு ஃபிலிம் தொய்யாமல் தாங்குகிறது, நியூட்டன் வளையங்களையும் (ஃபிலிமும் கண்ணாடியும் ஒட்டும் இடத்தில் விழும் வண்ண வளையங்கள்) தடுக்கிறது, நல்லதுதான். ஆனால் ஃபிலிமின் இரண்டு பக்கத்தோடு தகட்டின் இரண்டு பக்கம், ஸ்கேனர் கண்ணாடி என்று துடைக்க வேண்டியது கூடிக்கொண்டே போகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து வழிய ப்ளோவர் அடிப்பதைத் தவிர வழியில்லை. அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி கலர் நெகட்டிவில் அழகாக வேலை செய்யும். ஹெச்பி5 மாதிரிக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் செய்யாது, ஏனென்றால் அதில் இருக்கும் வெள்ளி அகச்சிவப்பு ஒளியையும் மறைத்துவிடும், தூசி எது படம் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. உட்கார்ந்து புள்ளி புள்ளியாக அழிக்க வேண்டியதுதான்.

8×10 கூட எடுக்கலாம், ஆனால் ஹோல்டர் இல்லை, ஃபிலிமை நேராகக் கண்ணாடி மேலேயே படுக்க வைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் கண்ணாடியில் பட்டால் வளையங்கள் வரும். படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, படத்தைப் பிறகு இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கூட வரும் ஸ்கேன் மென்பொருள் சில்வர்ஃபாஸ்ட். எனக்குக் கைக்கு வந்தது வியூஸ்கேன் என்ற இன்னொரு மென்பொருள், அதிலேயே இருக்கிறேன். எதில் எடுத்தாலும் தானியங்கி எக்ஸ்போஷரை நம்பாமல், ஹிஸ்டோகிராமின் (இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) இரண்டு முனையிலும் கொஞ்சம் இடம் விட்டு, தட்டையாக ஸ்கேன் செய்துவிட்டு கான்ட்ராஸ்டை அப்புறம் ஏற்றுங்கள்.

விலை மலைக்க வைக்கிறது, சரி. அதற்காக எப்சனின் சின்ன மாடல் வி600 வாங்கிவிடாதீர்கள், ஃபிலிமுக்கு மேலிருந்து ஒளி பாய்ச்சும் அதன் ஜன்னல் 4×5-க்குப் போதாது, இரண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். பணம் இடித்தால் பழைய வி700 தேடலாம். அதில் வி850-இன் எல்இடிக்குப் பதில் டியூப் விளக்கு, சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், மற்றபடி 4×5-ல் பெரிய வித்தியாசம் தெரியாது. வாங்கும் முன் டார்ச் அடித்துக் கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.