ஜேகேம்2.5, ஜே14: அடாப்டர் புரதம் இல்லாத ஜர்காட் செல்கள் எப்படி?

டி செல்லின் ஏற்பியில் பட்ட செய்தி உள்ளே எந்தப் படியில் நிற்கிறது என்று மாணவருக்குக் காட்ட, ஜர்காட் என்ற மனித டி செல் புற்றுநோய் வரிசையிலிருந்து வந்த இந்த இரண்டு செல் வரிசைகளும் அருமையானவை. ஜேகேம்2.5-இல் லாட் இல்லை, ஜே14-இல் எஸ்எல்பி-76 இல்லை. லாட், எஸ்எல்பி-76 இரண்டும் அடாப்டர் புரதங்கள், நொதிகள் அல்ல. ஸாப்-70 என்ற நொதி பாஸ்பேட் ஏற்றிய டைரோசின்களில் (புரதத்திலுள்ள ஓர் அமினோ அமிலம்) மற்றப் புரதங்கள் வந்து அமர இடம் தருபவை. லாட்டின் 132ஆம் டைரோசினில், கால்சியம் எழக் காரணமான நொதி பிஎல்சி-காமா1 அமரும். 171, 191இல் காட்ஸ் என்ற இன்னொரு அடாப்டர் அமரும்போது எஸ்எல்பி-76ஐயும் கூட்டிக்கொண்டு வரும்.

ஜே14ஐ ஓகேடி3 (டி செல் ஏற்பியோடு சேர்ந்த சிடி3 புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்) கொண்டு தூண்டினால் ஸாப்-70, லாட் இரண்டிலும் பாஸ்பேட் ஏறும், ஆனால் கால்சியம் எழாது. இவ்வளவு துல்லியமாக அறுந்த இடத்தைக் காட்டுவதால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜே14தான். கடைசியில் ஏற்பியைத் தாண்டி நேரே கால்சியம் ஏற்றும் அயனோமைசினை 1 மைக்ரோமோலார் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் கால்சியம் எழவில்லை என்றால் கோளாறு கால்சியம் காட்டும் சாயத்திலோ செல்லின் நலத்திலோதான்.

வளர்ப்பு எளிது: ஆர்பிஎம்ஐ-1640 ஊடகம், 10% சீரம், மில்லிக்கு 1 முதல் 10 லட்சம் செல்கள். நெரிசலில் விட்டால் பதில் மங்கும். நாளாக ஆக மேற்பரப்பில் சிடி3 குறைந்த செல்களும் பெருகக்கூடும். சோதனைக்கு முன் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி3 பார்க்காமல் "அடாப்டர் இல்லாததால்தான் பதில் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் காணும் முறை) பலர் சறுக்குவது லைசிஸில், அதாவது செல்லை உடைப்பதில். லாட் கொழுப்புத் திட்டுகளில் ஒட்டியிருப்பதால் குளிர்ந்த டிரைட்டான் சவர்க்காரத்தில் முழுதாகக் கரையாது, ஒரு பங்கு கசடோடு போய்விடும். 1% டோடெசில் மால்டோசைடு நல்லது. தூண்டல் 37 டிகிரியில் 2 நிமிடம் போதும், உடனே பனிக்கட்டியில் வைத்து பாஸ்பேட் கழன்றுவிடாமல் காக்கும் வனேடேட் 1 மில்லிமோலார் கலந்த கரைசலில் உடைக்க வேண்டும். பிளாக்கிங்குக்குப் பால் வேண்டாம், பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) எடுங்கள்: பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். லாட் பட்டை 36–38 கிலோடால்டனில் வரும்.

தாய் வரிசையான ஜர்காட்டை மட்டும் ஒப்பீட்டுக்கு வைப்பது போதாது. இழந்த புரதத்தைத் திருப்பிக் கொடுத்த வரிசையும் சேர்த்தே பெறுங்கள். செல்லின் உயிர்வாழ்வுக்கு உதவும் ஏகேடி நொதியின் பாதையை ஆராய இவற்றை எடுக்கவே வேண்டாம். ஜர்காட்டில் அந்தப் பாதையை அடக்கும் பிடென் இல்லாததால், தூண்டாமலே ஏகேடி விழித்திருக்கும்.