இடித்துக் கட்டுவதா, இருப்பதைச் சீர்செய்வதா?

பல இனத்தவர் கலந்து வாழும் பழைய குடியிருப்புகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது.

செலவு: இடித்துக் கட்டினால் பெருந்தொகை, பின்னாலேயே வாடகை உயர்வு. சீர்செய்தால் கட்டங்கட்டமாகச் செலவிடலாம்.

ஆயுள்: புதுக் கட்டடத்துக்கே வெற்றி.

அக்கம்பக்கம்: உண்மையான வேறுபாடு இங்கேதான். இடித்தால் வாடகைக்காரர்கள் சிதறுகிறார்கள். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் சேர்ந்து வாழ்ந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வெஸ்ட் எண்ட் பகுதி 1958 முதல் இடிக்கப்பட்டது. எழுந்தவையோ வசதியுள்ளோருக்கான அடுக்குமாடிகள். சீர்செய்தால் வாசல் பேச்சும் கைமாற்றும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீடும் மிஞ்சும். (வாடகைக்கு வரம்பு இல்லாவிட்டால் இதுவும் மெதுவான வெளியேற்றம்தான்.)

அஸ்திவாரமே ஆபத்து என்றால் இடிக்கலாம். திரும்பி வரும் உரிமையை முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழாயும் கூரையும் மட்டுமே பழுதென்றால் சீர்செய்தலே போதும்.